அம்மாவைப் பார்க்க லீவு: ஒன்ராறியோ வேலையாட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா திடீரென்று பக்கவாதத்தில் விழுந்துவிட்டால் பலர் முதலில் கையிலிருக்கும் விடுமுறை நாட்களை எடுத்து முடிக்கிறார்கள். அதுவும் போதாமல் வேலையையே விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட்டு அப்படிச் செய்யாதீர்கள். ஈ.ஐ. (வேலைவாய்ப்புக் காப்புறுதி) என்று உங்கள் சம்பளத்தில் கழிக்கப்படும் காசு, நோயுற்ற குடும்பத்தவரைப் பராமரிக்க எடுக்கும் லீவுக்கும் சேர்த்துத்தான்.

பணம் வேறு, வேலை வேறு

பராமரிப்புக் கொடுப்பனவைத் தருவது மத்திய அரசின் ஈ.ஐ. திட்டம். திரும்பி வரும்வரை உங்கள் வேலையைக் காப்பது ஒன்ராறியோவின் தொழில் நியமச் சட்டம். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வராது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். (வங்கி, விமான நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்வோருக்கு மாகாணச் சட்டமல்ல, கனடா தொழிற்சட்டமே பொருந்தும்.)

படி 1: எந்தக் கொடுப்பனவு?

வயது வந்தவர் உயிராபத்தான நோயிலோ காயத்திலோ இருந்தால் 15 வாரங்கள் வரை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையானால் 35 வாரங்கள் வரை. 26 வாரங்களுக்குள் இறக்கக்கூடிய ஆபத்து இருப்பவருக்கு 26 வாரங்கள் வரை.

நெடுநாளாக நீரிழிவு இருக்கிறது என்பது மட்டும் போதாது. வழக்கமான உடல்நிலை பெரிதாக மாறி, உயிருக்கு ஆபத்து வந்திருக்க வேண்டும். நோயாளி இரத்த உறவாக இருக்க வேண்டுமென்பதில்லை. உங்களைக் குடும்பத்தவராக அவர் கருதினாலே போதும்.

படி 2: தகுதி, தொகை

பொதுவாகக் கடந்த 52 வாரங்களில் 600 மணித்தியாலங்கள் காப்புறுதிக்குரிய வேலை செய்திருக்க வேண்டும். கிடைப்பது சராசரி வாரச் சம்பளத்தில் 55 சதவீதம். 2025இல் உச்சவரம்பு வாரத்துக்கு 695 டொலராக இருந்தது. இதற்கு வருமான வரியும் உண்டு. வாடகையும் கார்க் கட்டணமும் கட்டும் குடும்பத்துக்கு இது போதாது என்பதே என் கருத்து. ஆனாலும் ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

படி 3: சகோதரங்களோடு பேசுங்கள்

வாரங்களைத் தொடர்ந்து எடுக்கத் தேவையில்லை. 52 வாரங்களுக்குள் பிரித்து எடுக்கலாம். தகுதியுள்ள பிள்ளைகள் பலர் இருந்தால் அந்த 15 வாரங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களை அண்ணன் எடுக்கட்டும், வீட்டுக்கு வந்தபின் தங்கை எடுக்கட்டும். “நீ பெண்பிள்ளை, நீதானே பார்க்க வேண்டும்” என்று ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது நியாயமில்லை. இந்தத் திட்டமும் அப்படிக் கேட்கவில்லை.

லீவுக்கிடையே கொஞ்சம் வேலையும் செய்யலாம். வாரம் 1,000 டொலர் சம்பளக்காரருக்கு 550 டொலர் கொடுப்பனவு. ஒருநாள் வேலைக்குப் போய் 200 டொலர் உழைத்தால் கொடுப்பனவில் 100 டொலர்தான் குறையும். அந்த வாரம் வரிக்கு முன் மொத்தம் 650 டொலர். ஆனால் அந்த வாரமும் 15இல் ஒன்றாகவே கணக்காகும்.

படி 4: முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள்

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, உயிராபத்தான நிலையிலுள்ள பெரியவரைப் பார்க்க 17 வாரச் சம்பளமில்லா லீவு சட்டப்படி உண்டு. வாயால் சொன்னதோடு விடாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஈ.ஐ. விண்ணப்பத்துக்கு வேண்டிய வேலைப் பதிவுச் சான்றையும் (Record of Employment) அதிலேயே கேளுங்கள்.

படி 5: மருத்துவச் சான்றிதழ்

வைத்தியரோ தாதிய மருத்துவரோ (nurse practitioner) இதை நிரப்பலாம். நோயாளி யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெற்றால், அங்கு அங்கீகரிக்கப்பட்ட வைத்தியர் கையெழுத்திடலாம். நீங்களும் பயணப்படுவதானால் ஈ.ஐ. திட்டத்தை நடத்தும் சேர்விஸ் கனடாவுக்கு முன்னதாகவே அறிவித்துவிடுங்கள்.

படி 6: விண்ணப்பம்

இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வேலைப் பதிவுச் சான்றோ மருத்துவச் சான்றிதழோ இன்னும் வரவில்லையென்று காத்திருக்காதீர்கள். அவற்றைப் பிறகு சேர்க்கலாம். கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து நான்கு வாரங்கள் கடந்தால் கொடுப்பனவை இழக்க நேரிடலாம். ஆகவே ஆஸ்பத்திரி வரவேற்பறையில் காத்திருக்கும் நேரத்திலேயே கைத்தொலைபேசியில் இணைய விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.