பிள்ளைக்கு உப்பு எப்போது?

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டையே ஊட்டலாமா? “உப்பில்லாமல் எப்படி இறங்கும்?” என்கிறார் மாமியார்.
– வாசகி, ஸ்ரீமுஷ்ணம்

பதில்: தாராளமாக ஊட்டுங்கள். உப்பு போடும் முன் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பருப்பு குழைய வெந்ததும் ஒரு கரண்டி தனியே எடுத்து, சோற்றோடு மசித்து, கொஞ்சம் நெய் விடுங்கள். சீரகம் சேர்க்கலாம். உப்பின் ருசியே அறியாத நாக்கு அது; மாமியாருக்குச் சப்பென்று இருப்பது பிள்ளைக்கு அப்படி இருக்காது. ஒரு வயது வரை நாளுக்கு 1 கிராமுக்கும் குறைவான உப்பே தேவை. தாய்ப்பாலிலும் உணவிலும் இயல்பாக இருப்பதே போதும். அதற்கு மேல் போனால் முதிராத சிறுநீரகம் திணறும். இட்லி மாவிலும் உப்பு கரைக்கும் முன் ஒரு கிண்ணம் ஒதுக்குங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் பிஸ்கட் வேண்டாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கத் தவறாதீர்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை கூடவே கூடாது.