"வெளியவே இருக்கட்டும், கொடுத்தனுப்புறேன்" என்று கடைக்காரர் சொல்லலாமா?

கேள்வி: மாட்டுப்பட்டியில் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறோம். என் தம்பி மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வீல்சேர்தான். மாதம் ஒருமுறை ஆட்டோ பிடித்து மூணாறு டவுனுக்குப் போவோம். எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் இரண்டு மூன்று படி. அவன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பான். நான் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்து காட்டுவேன். போன தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு பையன்கள் அவனைத் தூக்கிவிட வந்தார்கள். முதலாளி தடுத்துவிட்டார். "கூட்டமா இருக்கு, வண்டி உள்ள வந்தா மத்தவங்க எப்படி நடப்பாங்க? வெளியவே இருக்கட்டும், துணிய கொடுத்தனுப்புறேன்" என்றார். பஞ்சாயத்தில் கேட்டால் "அது பழைய கட்டடம்மா, ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா? எங்களுக்கு மலையாளம் எழுத வராது. ஊருக்குள் பகையும் வேண்டாம்.
— ஒரு வாசகி, மாட்டுப்பட்டி

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பிய அந்தப் பதிலையே முதலில் எடுத்துக்கொள்வோம். "பழைய கட்டடம்" என்ற சாக்கு 2022 ஜூனுக்கு முன்னால் ஓரளவு எடுபட்டிருக்கும். இப்போது எடுபடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே கட்டி முடித்த பொதுக் கட்டடங்களுக்கும் பொருந்தும். விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அவற்றை மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி ஆக்கிவிட வேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூன் 15. பொதுக் கட்டடம் என்றதும் தாலுகா ஆபீசும் ஆஸ்பத்திரியும்தான் பலருக்கு நினைவு வரும். பஞ்சாயத்து அலுவலர்களுக்கும் அப்படித்தான். சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்வது வேறு. பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் தனியாருடையதானாலும் பொதுக் கட்டடமே. வணிகம் நடக்கும் இடத்தை அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஜவுளிக்கடை அதற்குள் வரும், செருப்புக்கடையும் வரும். புதிய கட்டடமாக இருந்தால் 44ஆம் பிரிவு இன்னும் கறார்: இந்த வசதி இல்லாத வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது.

எந்த அளவுகோல்படி மாற்ற வேண்டும் என்று எதிர்த்தரப்பில் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் ஆராய்ந்தது. 2017 விதிகளின் 15ஆம் விதி, அளவுகோல்களைக் கட்டாயமாக்காமல் வெறும் வழிகாட்டுதலாக விட்டிருந்தது. அது தாய்ச்சட்டத்துக்கே முரண் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கும்படியும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே "சும்மா சிபாரிசுதானே" என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கேரளத்தின் 2019ஆம் ஆண்டு பஞ்சாயத்து கட்டட விதிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் புத்தகம் செக்ரட்டரியின் மேசையிலேயே இருக்கும்.

இனி பகை பற்றி. மனுவைக் கடைக்காரர்மேல் போடாதீர்கள், பஞ்சாயத்தின்மேல் போடுங்கள். இது பயந்துபோய்ச் சொல்லும் யோசனை அல்ல. ஒரு கடைக்காரரை மட்டும் இழுத்தால் "பக்கத்துக் கடையிலும் படிதானே இருக்கு" என்பார். அதில் நியாயமும் உண்டு. கட்டடத்துக்கு அனுமதியும் கடைக்கு உரிமமும் தருவது பஞ்சாயத்து. பஜார் முழுவதையும் ஆய்வு செய்து, அவரவருக்கு நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் அதற்குத்தான் இருக்கிறது. செக்ரட்டரிக்கு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சட்டத்தில் உயிரில்லை. மனுவில் படிகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள், படமும் வையுங்கள்.

அளப்பது வெறும் சடங்கல்ல. சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு. 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். மூன்று படிக்கு 5.4 மீட்டர். மூணாறு மாதிரி சரிவான, நெருக்கமான கடைவீதியில் 5.4 மீட்டரை எங்கே நீட்டுவது? சாலையில் நீட்டினால் கண் தெரியாத ஒருவர் அதில் இடறி விழுவார். அதுவும் சட்டமீறலே. மழைத்தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க வைத்த படிகளும் அங்கே உண்டு. இதனால்தான் சட்டம் "நியாயமான வசதி" என்கிறது: தேவையான மாற்றத்தைச் செய்ய வேண்டும், ஆனால் தாங்க முடியாத சுமை ஆகக்கூடாது. ஒற்றைப்படி வாசலுக்குச் சாய்தளம் போட மறுப்பவருக்கு இந்த வாதம் உதவாது. மூன்று படி உள்ளவர் பக்கவாசலையோ சரக்கு இறக்கும் வழியையோ திறந்துவிடலாம்; உள்ளுக்குள்ளேயே சரிவு அமைக்கலாம். கட்டடம் வேறொருவருடையது, இடித்துக் கட்ட விடமாட்டார்கள் என்று வாடகைக்காரர் சொன்னால், உரிமையாளருக்கும் சேர்த்து நோட்டீஸ் போகட்டும். "முடியாது" என்பதை மட்டும் ஒரு பதிலாக ஏற்காதீர்கள். இரண்டு பையன்கள் தூக்கிவிடுவதையும் ஏற்காதீர்கள். அவர்கள் மனசு நல்ல மனசுதான். ஆனாலும் வளர்ந்த மனிதனை மூட்டை மாதிரி தூக்கி இறக்குவது வசதி ஆகாது.

முதலாளியின் பேச்சு தனி விஷயம். உடல்குறையைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதை 3ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தச் செயலுக்குத் தக்க நோக்கமும் அளவும் இருந்ததென்று காட்டினால்தான் விலக்கு. தீபாவளி நெரிசலில் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னால் அதில் அளவு இருக்கிறது. உள்ளேயே வரக்கூடாது என்பதில் இல்லை. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அது அறியாமையாகவும் வியாபார அவசரமாகவும்தான் படுகிறது. அந்தப் பிரிவைக் கையில் எடுக்கமாட்டேன். நுகர்வோர் ஆணையமும் இதற்குச் சுற்றுவழி: உள்ளேயே போகாதவர் நுகர்வோரா என்ற வாதத்திலேயே வருடம் ஓடிவிடும்.

பஞ்சாயத்து அசையாவிட்டால் அடுத்தது திருவனந்தபுரத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் ஓர் அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அது மூன்று மாதத்தில் தெரிவிக்க வேண்டும். மனுவைப் பஞ்சாயத்தின்மேல் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டத்தை மீறியவருக்கு 89ஆம் பிரிவின்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. நோட்டீசில் இந்தத் தொகையைப் பார்த்தாலே பாதிப்பேர் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கடைக்கு வெளியே நடைபாதையை அடைத்துக்கொண்டு சாமான் பரப்பியிருந்தால், தேவிகுளம் சப்-கலெக்டரிடம் தனி மனு கொடுங்கள். பொதுவழியின் தடையை நீக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு வழி தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற நடைபாதை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

மொழியை நினைத்துத் தயங்கவே வேண்டாம். குறையைத் தெரிவிக்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியான தேவிகுளம் தாலுகாவில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மூணாறில் ஸ்ருஷ்டி அமைப்பில் தேயிலைத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிகள் கையால் செய்யும் காகிதத்தையும் இயற்கைச் சாயத் துணியையும் வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அதே ஊரில் ஒரு மாற்றுத்திறனாளி துணி வாங்கப் போனால் வாசலோடு சரி. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரில் 1970களின் கடைசியில் ஷாப்மொபிலிட்டி என்றொரு சேவை தொடங்கியது. கடைவீதிக்கு வருபவருக்கு வீல்சேரும் மின்வண்டியும் அங்கேயே தருவார்கள். அவ்வளவு கூட வேண்டாம். மடக்குச் சாய்தளம் ஒன்றை வியாபாரிகள் சங்கம் பொதுவில் வாங்கி வைத்தால் ஒற்றைப்படிக் கடைகளுக்கெல்லாம் அன்றே தீர்வு. சங்கத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். மனுவைவிட அது சீக்கிரம் பலிக்கக்கூடும்.

வக்கீல் செலவு? சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தம்பியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு தேவிகுளத்தில் தாலுகா சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள். மனு தம்பியின் பெயரில், அவர் கையெழுத்தோடு இருக்கட்டும்.