மாலை நேரக் கணக்குப் பயிற்சி

கணக்கு என்றாலே அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகள் நம் கிராமங்களில் பலர். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. கீழ் வகுப்பில் நேர்ந்த ஒரு சிறு பிழை திருத்தப்படாமல் மேல் வகுப்பு வரை தொடர்வதே பெரும்பாலும் காரணமாகும். பலர் அமர்ந்துள்ள வகுப்பில் ஒவ்வொருவர் பிழையையும் ஆசிரியர் தேடிக் காண்பது அரிது. சிலரை மட்டும் வைத்துக் கற்பிக்கும் மாலைப் பயிற்சி இக்குறையை நீக்க வல்லது.

பிழையின் வேர்

2 ஏக்கர் 5 சென்ட் நிலத்தைத் தசம எண்ணில் எழுதச் சொன்னால், 2.5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஏக்கருக்கு 100 சென்ட் ஆதலால் 2.05 என்பதே சரியாகும். 2.5 எனில் 45 சென்ட் கூடிவிடும். தவறு என்று குறித்துவிட்டால் மட்டும் போதாது. "எவ்வாறு செய்தாய்?" என்று கேட்டுப் பிள்ளையையே விளக்கச் செய்தால், இடமதிப்பு விளங்கவில்லை என்பது வெளிப்படும்.

வளர்க்க வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, முன்கூட்டி மதிப்பிடுதல். 62 கிலோ வீதம் 48 மூட்டை நெல்லின் எடையைக் காண்பதற்கு முன், 60ஐ 50ஆல் பெருக்கினால் 3,000 வரும். சரியான விடை 2,976. ஓரிடம் தள்ளி எழுத மறந்தால் 384 என வரும். மதிப்பிட்டுப் பழகிய பிள்ளை அத்தவற்றைத் தானே கண்டுகொள்ளும்.

இரண்டாவது, சரிபார்த்தல். 2,976ஐ 48ஆல் வகுத்தால் மீண்டும் 62 வரவேண்டும்.

மூன்றாவது, நாள்தோறும் சிறிது நேரம் பயிலுதல். தேர்வுக்கு முன்னிரவு கண்விழிப்பதினும் இது சிறந்தது.

விடையைக் கூறிவிடுவது உதவியன்று; அடுத்த படியை மட்டும் சுட்டிக்காட்டுவதே உதவியாகும்.

கண்ட பயன்

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிற்று. தன்னார்வலர்கள் மாலையில் கற்பித்தனர். தமிழகக் கிராமப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரை அறிஞர்கள் ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்தபின் 6 மாதங்களில் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடாயிற்று என்றும், அதில் ஏறத்தாழக் கால் பங்கு இவ்வகுப்புகளின் பயன் என்றும் கண்டனர்.

பஞ்சாயத்தின் கடமை

ஊர்ப் பொதுக்கட்டடத்தில் இடமும் விளக்கும் அளித்து, படித்த இளைஞரையும் மகளிரையும் இப்பணியில் ஈடுபடுத்தலாம். பெற்றோர்கள் விதை, உரம், கூலி ஆகியவற்றின் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யலாம். தன் வீட்டு நெல்லின் கணக்கைத் தானே போடத் தெரிந்த பிள்ளையை எடையிலும் விலையிலும் ஏமாற்றுதல் எளிதன்று.