துப்பாக்கிக் குழலின் துளையும் வாய்ச் சுருக்கமும்: ரவை சிதறும் விதம் பற்றிய பாடம்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியிலும், அழகர்மலை, நாகமலை, சிறுமலை ஆகியவற்றின் அடிவாரத்துப் புன்செய்களிலும், விளைச்சல் முற்றுங் காலத்தில் இரவுக் காவல் அவசியமாகின்றது. சில கிராமங்களில் லைசென்ஸ் பெற்ற ரவைத் துப்பாக்கி ஒன்றிரண்டு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. ஆனால் அதன் குழலின் தன்மையை அறிந்தோர் சிலரே. பெருந்துளைத் துப்பாக்கி ரவையை அகலமாகச் சிதறும் என்பர். சிறுதுளை அதிக தூரம் அடிக்கும் என்பர். வாய் சுருங்கிய குழல் ரவையை வேகமாகத் தள்ளும் என்பர். இம்மூன்றும் பிழையான எண்ணங்கள். இப்பிழையினால் வீணாவது தோட்டா மாத்திரமன்று. அடுத்த வயலில் நிற்பவருடைய கண்ணும் உயிரும் ஆபத்துக்குள்ளாகலாம். ஆகையால் சங்க அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைச் செவ்வையாக அறிந்துகொள்ளுதல் நலம்.

1. துளை என்பது யாது?

‘12 போர்’ என்பதில் உள்ள 12 அங்குலக் கணக்கன்று. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை எக்குழலின் துளைக்குப் பொருந்துமோ அக்குழல் 12 போர். ஆதலால் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். 12 போரின் குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 போர் 16.8, 20 போர் 15.6. ‘410’ என்பது மட்டும் இக்கணக்குக்கு விலக்கு. அது அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு, அதாவது சுமார் 10.4 மில்லிமீட்டர்.

துளை நிர்ணயிப்பது முக்கியமாக ரவையின் தொகையையே. ஆங்கில முறைப்படி 6-ஆம் நம்பர் ரவை ஓர் அவுன்சுக்குச் சுமார் 270 நிற்கும். பழைய வழக்கப்படி நிரப்பிய 12 போர் தோட்டாவில் அவ்வகை ரவை ஏறக்குறைய 287 இருக்கும். 20 போர் தோட்டாவில் 219. சிறிய 410 தோட்டாவில் 118. குழலை விட்டுப் புறப்படும் வேகம் ஒத்திருந்தால், ஒரே பருமனுள்ள ரவை எத்துளையிலிருந்து வந்தாலும் ஒரே தூரம் செல்லும். ஒரே வலிவுடன் தாக்கும்.

2. சோக் என்பது யாது?

குழலின் வாயருகில் துளையைச் சிறிது சுருக்கியிருப்பதற்குச் ‘சோக்’ என்று பெயர். 1870-களில் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கி வினைஞரான கிரீனர் இம்முறையைச் சீர்ப்படுத்திப் பரவச் செய்தவர்களுள் முக்கியமானவர். 12 போர் குழலில் முழுச் சோக் என்பதே சுமார் 1 மில்லிமீட்டர்ச் சுருக்கந்தான். அரைச் சோக் அதில் பாதி. கால் சோக் கால் பங்கு. சுருக்கமே இல்லாதது ‘சிலிண்டர்’ எனப்படும்.

இவ்வளவு சிறிய வேற்றுமையின் பலன் பெரிது. 20 கஜ தூரத்தில் சிலிண்டர்க் குழலின் ரவை சுமார் 32 அங்குல அகலத்தில் பரவும். முழுச் சோக்கின் ரவை சுமார் 16 அங்குலத்தில் அடங்கும். வேகத்தில் கவனிக்கத்தக்க மாறுதல் இல்லை.

இவ்விரண்டின் தொடர்பையும் விதை தெளிப்பவரைக் கொண்டு எளிதில் அறியலாம். அவர் கைப்பிடியில் எத்தனை விதை கொள்ளும் என்பது துளை. விரல்களை எவ்வளவு விரித்து வீசுகிறார் என்பது சோக். பிடி பெரிதானதால் விதை அகலமாக விழுவதில்லை. விரலை ஒடுக்கியதால் விதையின் தொகை கூடுவதுமில்லை.

3. வட்டக் கணக்கு

நிபுணர்கள் 40 கஜ தூரத்தில் 30 அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்திற்குள் விழும் ரவையை எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று குழலை மதிப்பிடுகிறார்கள். முழுச் சோக்கில் 70, அரைச் சோக்கில் 60, கால் சோக்கில் 55, சிலிண்டரில் 40. இதன்படி முழுச் சோக் உள்ள 12 போரில் சுமார் 200 ரவை வட்டத்திற்குள் விழும், சிலிண்டரில் 115. முழுச் சோக் உள்ள 410-இலோ 83 மாத்திரமே. உள்ளங்கையளவான 12 சதுர அங்குல இடத்திற்கு முதலாவதில் மூன்று ரவைக்குமேல் வரும், இரண்டாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று அல்லது இரண்டு.

போட்டிச் சுடுதலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான் 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ‘டிராப்’ போட்டியில், 11 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டு சுடுபவரை விட்டு விலகி விரையும். ஆகவே அதற்குச் சுருங்கிய சோக் ஏற்றது. ‘ஸ்கீட்’ போட்டியில் வட்டு அருகில் குறுக்கே பறப்பதால் விரிந்த குழல் ஏற்றது. இரண்டிலும் துப்பாக்கி 12 போர். ரவை 24 கிராம்.

4. நம் குழலை அறியும் வழி

சுருக்கத்தைக் கண்ணால் அறிய முடியாது. தாளில் எண்ணியே அறியலாம். இச்சோதனையை லைசென்ஸ்தாரர் அனுமதி பெற்ற சுடுதளத்தில் மாத்திரம் செய்ய வேண்டும். நான்கு அடிச் சதுரத்துக்குக் குறையாத தாளை நிறுத்தி, 40 கஜத்திலிருந்து சுட்டு, ரவை செறிந்த இடத்தை மையமாக்கி, 15 அங்குலக் கயிற்றால் வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளை எண்ணுக. ஒரு வெடியைக் கொண்டு முடிவு செய்யலாகாது. ஐந்து வெடிகளின் சராசரியே நம்பத்தக்கது. இரட்டைக் குழலாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வலக்குழல் விரிந்தும் இடக்குழல் சுருங்கியும் இருப்பதே பெரும்பாலான வழக்கம்.

5. உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

முதலாவது: சோக் ரவையின் பரப்பை மாற்றுமேயன்றி, அபாய எல்லையைக் குறைக்காது. 6-ஆம் நம்பர் ரவை சுமார் 220 கஜம் வரை செல்லக்கூடும்; எஸ்.ஜி. என்னும் பெரிய ரவை 600 கஜத்தையும் தாண்டும். வைகைப் பாசனத்துச் சம நிலத்தில் அத்தூரத்திற்குள் களையெடுப்போர், ஆடு மேய்ப்போர், வரப்பில் நடப்போர் எவரேனும் இருப்பர். தண்ணீர்ப் பரப்பிலும் காய்ந்த தரையிலும் பட்ட ரவை தெறித்துத் திசை மாறும். பின்னால் கண்மாய்க் கரை போன்ற மண்மேடு இல்லாத இடத்திலும், இருளில் சத்தம் வந்த திசையிலும் சுடுதல் ஒருபோதும் தகாது.

இரண்டாவது: 20 போர் தோட்டாவையும் 12 போர் தோட்டாவையும் ஒரே பையில் வைக்கலாகாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி நடுவில் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையென்று எண்ணி அதன் பின்னே 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். பல நாடுகளில் 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறமாகச் செய்வது இதற்காகவே.

மூன்றாவது: துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒற்றைக் குண்டைச் சோக் உள்ள குழலில் இட்டுச் சுடலாகாது. ஒடுங்கிய வாயில் குண்டு இறுகிக் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். 1875 முதல் 1887 வரை இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட சோக் குழல்களில் ‘குண்டுக்கு அன்று’ என்னும் பொருளுள்ள ஆங்கில முத்திரை பொறிக்கப்பட்டது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி வைத்திருப்போர் அம்முத்திரையைத் தேடிப் பார்த்தல் நலம்.

6. சட்டம்

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திற்குப் பதிலாக வந்தது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுள்ள ரவைத் துப்பாக்கியைத் தற்காப்புக்கும் விளையாட்டுக்கும், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்க்காவலுக்கும் உரியனவாக அது குறிப்பிடுகின்றது. ஆயினும் பயிர்க்காவல் லைசென்ஸ் வேட்டை அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மயிலையோ பன்றியையோ குடியானவர் தம் விருப்பப்படி சுடுதல் குற்றமாகும். அவற்றால் நஷ்டம் நேர்ந்தால் வனத்துறைக்கு எழுத்து மூலம் அறிவிப்பதே முறை.

ஆகவே துப்பாக்கி வாங்க எண்ணும் அங்கத்தினர் பெரிய துளை எது என்று வினவுதற்கு முன், எத்தூரத்தில், எதற்காக, எந்த மண்மேட்டை நோக்கி என்று வினவுக. ஏற்கெனவே வைத்திருப்பவர் தாளில் எண்ணித் தம் குழலை அறிக. அறியாத குழல் பூட்டிய பெட்டியில் இருப்பதே நன்று.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

(1) 12 போர், 20 போர் இவற்றுள் எதன் துளை பெரிது? ஏன்?
(2) ஒரே அளவு சோக் உள்ள இரு குழல்களில் துளையினால் உண்டாகும் வேற்றுமை யாது?
(3) நம் கிராமத்து வயல்களில் நாற்புறமும் 220 கஜத்திற்குள் ஆள் நடமாட்டமற்ற இடம் எது?

மூன்றாவது வினாவுக்கு விடை காணாத கிராமத்தில், இரவுக் காவலுக்குத் தகரமும் தீப்பந்தமுமே போதும்.