வீட்டு மகிழுந்தும் காப்புறுதியும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ், ரந்தாவ், சிலியாவ், லாபு ஆகிய ஊர்களைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. தோட்டத்தில் வாழும் குடும்பங்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்ல, சொந்த வாகனம் பெருந்துணையாக இருக்கிறது. ஆகவே, பிள்ளைக்கு 17 வயது நிறைந்ததும் மகிழுந்து ஓட்டும் உரிமத்தை எடுத்துவிட வேண்டும் எனப் பெற்றோர் விரும்புவர். பயிற்சிக் கட்டணத்திற்குப் பணம் சேர்க்கும் குடும்பம், காப்புறுதியைப் பற்றியும் அப்பொழுதே சிந்திக்க வேண்டும்.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, காப்புறுதி இல்லாத வாகனத்தைச் சாலையில் ஓட்டுவது குற்றமாகும். வாகனம் மோதிப் பிறர் காயமடைந்தாலோ இறந்தாலோ, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதே இச்சட்டத்தின் நோக்கம். காப்புறுதி இல்லாமல் சாலை வரியையும் புதுப்பிக்க முடியாது.

காப்புறுதியில் மூன்று வகைகள் உள்ளன. மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பிறருக்கு ஏற்படும் பாதிப்பை மட்டும் ஈடுசெய்யும். இரண்டாவது வகை, அதனுடன் தீ, திருட்டு ஆகியவற்றால் நம் வாகனத்திற்கு ஏற்படும் இழப்பையும் ஈடுசெய்யும். முழுமைக் காப்புறுதியோ, விபத்தில் நம் வாகனத்திற்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும். இதன் கட்டணமே மிக அதிகம். விலை குறைந்துபோன பழைய மகிழுந்துக்கு முதல் வகையே போதும் எனச் சில குடும்பங்கள் முடிவு செய்கின்றன. ஆனால், விபத்து நேர்ந்தால் தங்கள் மகிழுந்தைத் தங்கள் பணத்திலேயே பழுதுபார்க்க வேண்டும் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராதவருக்கு மறு ஆண்டின் கட்டணத்தில் கழிவு உண்டு. தனியார் மகிழுந்துக்கு இக்கழிவு முதலாண்டு முடிவில் 25 விழுக்காடு. பின்னர் 30, 38.33, 45 என உயர்ந்து, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 விழுக்காட்டை எட்டும். காட்டாக, ஒரு மகிழுந்தின் அடிப்படைக் கட்டணம் 1,000 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராத தந்தை 450 ரிங்கிட் மட்டுமே செலுத்துவார். அதே மகிழுந்தைப் பிள்ளை தன் பெயரில் புதிதாகப் பதிந்தால், முதலாண்டில் 1,000 ரிங்கிட்டையும் செலுத்த வேண்டும். எனவே, பிள்ளைக்கெனத் தனி வாகனம் வாங்காமல் வீட்டு மகிழுந்தையே பகிர்ந்துகொள்வது செலவைக் குறைக்கும்.

அவ்வாறு பகிரும்பொழுது, பிள்ளையின் பெயரையும் ஓட்டுநராகக் காப்புறுதிப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர், ‘எல்’ அல்லது ‘பி’ உரிமம் வைத்திருப்பவர், பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஆகியோர் ஓட்டும்பொழுது விபத்தில் வாகனம் சேதமடைந்தால், பழுதுபார்க்கும் செலவில் முதல் 400 ரிங்கிட்டை வாகன உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே, ‘பி’ உரிமத்திற்குரிய ஈராண்டுகளில் அத்தொகையைக் குடும்பம் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது. அக்காலம் முடிந்து 21 வயதும் நிறைந்த பின், பத்திரத்தில் பெயர் இருந்தால் இச்சுமை நீங்கிவிடும்.

சிறு சேதத்திற்கு இழப்பீடு கோருவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். ‘பி’ உரிமம் பெற்ற பிள்ளை வேலியில் மோதியதால் பழுதுபார்ப்புச் செலவு 600 ரிங்கிட் ஆகிறது என்போம். 400 ரிங்கிட் போக, நிறுவனம் தருவது 200 ரிங்கிட்தான். அந்த 200 ரிங்கிட்டைப் பெற்றால், தந்தையின் 55 விழுக்காட்டுக் கழிவு முழுவதும் போய்விடும். மறு ஆண்டு அவர் 550 ரிங்கிட் கூடுதலாகச் செலுத்த நேரிடும்.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, முழுமைக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஒரே மகிழுந்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு கட்டணம் கூறலாம். ஆதலால், பழைய பத்திரம் காலாவதியாவதற்கு முன்பே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். மகிழுந்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்க முயல்வது தவறு. மதிப்பு மிகவும் குறைவாக இருந்தால், இழப்பீடும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

எவ்வளவு செலவு செய்து வாங்கிய காப்புறுதியும் பயனற்றுப் போகும் சூழல் ஒன்று உண்டு. செம்பனைக் காட்டுச் சாலையில் யாரும் பார்க்கமாட்டார்கள் என எண்ணி, உரிமம் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதே அது. அச்சாலையில் பழக்குலைகளை ஏற்றிய லாரிகள் வரும். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்புவோரும் வருவர். உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், மகிழுந்தின் சேதத்திற்கு நிறுவனம் இழப்பீடு தராது. காயமடைந்தவருக்கு ஏற்படும் துன்பத்தையோ எப்பணத்தாலும் ஈடுசெய்ய இயலாது. பயிற்சி நிலையத்தில், தகுதி பெற்ற பயிற்றுநரிடம் பழகுவதே முறையான வழியாகும்.

காப்புறுதிப் படிவங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கும் பொறுப்பைப் பல வீடுகளில் பிள்ளைகளே ஏற்கின்றனர். மகிழுந்தை யார் ஓட்டுவார், அவருடைய வயது என்ன என்னும் கேள்விகளுக்கு உண்மையான விடையை எழுத வேண்டும். பொய்யான தகவலைத் தந்தால், இழப்பீடு மறுக்கப்படவும் கூடும். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பர் பெரியோர். படிவத்தைப் புரிந்துகொண்ட பின்னரே பெற்றோர் கையொப்பமிடும்படி பார்த்துக்கொள்வது, வாகனம் ஓட்டத் தொடங்கும் பிள்ளையின் முதல் கடமையாகும்.