குளியலறைக்குள் ஓர் அடுப்பு

நவம்பர் பிறந்துவிட்டால், தில்லிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த கீசர் வாங்கலாம்?” என்பதுதான். ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மட்டும் வெந்நீர் போட்டுப் பழகியவர்கள் நம்மில் பலர். ஜனவரி அதிகாலையில் சென்னை 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, தில்லி சில நாட்களில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தொட்டி வைத்த கீசர் இடத்தை அடைக்கிறது, சூடாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதால், குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தரும் தொட்டியில்லாத கீசரைப் பலரும் நாடுகிறார்கள். நானும் அப்படி நாடியவன்தான். அதைப் பொருத்தியதில் நான் செய்த தவற்றையும், அதன்பின் கற்றுக்கொண்ட கணக்கையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

2011 பொங்கலன்று நடந்தது இது. கும்பகோணத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். இரண்டு மாதம் முன்புதான் காஸ் கீசர் வாங்கியிருந்தோம். கடையிலிருந்து வந்த ஆள் அதைக் குளியலறைச் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். வென்டிலேட்டர் வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று அட்டை வைத்து அடைத்தவன் நான்.

முதலில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். “தலை சுத்துதுப்பா” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வயதானவர், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அடுத்து என் மனைவி. வெளியே வந்தவள், “எனக்கும் தலை கனக்குதுங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்றாள். மூன்றாவதாக உள்ளே போகத் துண்டோடு நின்றுகொண்டிருந்தவள் எட்டு வயது மகள்.

மேல் மாடியில் குடியிருந்த தமிழ் டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் நாடியைப் பிடிப்பதற்கு முன் கேட்டது, “கீசர் எங்கே மாட்டியிருக்கீங்க?” என்பதுதான். கதவு ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொல்லிவிட்டு, இருவரையும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் செய்தார். ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மாலையில் வீடு திரும்பினோம். அன்று எங்கள் வீட்டில் பொங்கல் பானை அடுப்பில் ஏறவில்லை.

வெந்நீரின் கணக்கு

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஜனவரியில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரை அளந்தபோது 13 டிகிரி இருந்தது. குளிக்க 40 டிகிரி வேண்டும் என்றால் 27 டிகிரி ஏற்றவேண்டும். ஷவருக்கு நிமிடத்திற்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்திற்குச் சுமார் 680 கிலோஜூல், அதாவது 11 கிலோவாட்டுக்கும் மேல் ஆகிறது.

3 கிலோவாட் மின்சார உடனடி கீசர் இந்தக் குளிரில் நிமிடத்திற்கு 1.6 லிட்டர்தான் தரும். 15 லிட்டர் பக்கெட் நிறைய ஒன்பது நிமிடத்திற்கு மேலாகும். சென்னையில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி இருந்தால், அதே கீசர் நிமிடத்திற்கு 2.9 லிட்டர் தரும். “ஊரில் நன்றாக இருந்தது, இங்கே கொண்டுவந்தால் கெட்டுவிட்டது” என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான். கீசர் கெடவில்லை, தண்ணீர்தான் குளிர்ந்திருக்கிறது.

காற்றின் கணக்கு

நிமிடத்திற்கு 6 லிட்டர் தர காஸ் கீசரால் முடியும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது, காஸ் திறக்கிறது, பாட்டரி செல் பொறியைத் தட்டுகிறது, செப்புக் குழாயைச் சுற்றித் தீ எரிகிறது. சுருங்கச் சொன்னால், அது சுவரில் மாட்டிய ஓர் அடுப்பு. அடுப்புக்குக் காற்று வேண்டும்.

பத்து நிமிடக் குளியலுக்கு, வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 185 கிராம் காஸ் எரிகிறது. ஒரு கிலோ சமையல் காஸ் முழுமையாக எரியச் சுமார் 13 கன மீட்டர் காற்று தேவை. அப்படியானால் ஒரு குளியலுக்கு 2.4 கன மீட்டர், அதாவது 85 கன அடி. எங்கள் குளியலறை 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி; மொத்தமே 240 கன அடி. ஒருவர் குளித்தால் அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தீக்குப் போகிறது. வென்டிலேட்டரையும் கதவையும் அடைத்துவிட்டால், மூன்று பேர் குளிக்கக்கூட அந்தக் காற்று போதாது.

காற்று குறைந்ததும் தீ அணைந்துவிடுவதில்லை. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு வாயுவைக் கக்குகிறது. இது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. காஸ் கசிந்தால் வரும் நாற்றம், எச்சரிக்கைக்காகவே காஸில் கலக்கப்படும் பொருளின் நாற்றம். எரிந்தபின் அது இருக்காது. ஆகவே “நாற்றம் ஒன்றும் வரவில்லையே” என்று இருந்துவிடக் கூடாது. மூக்கு இங்கே காவலாளி அல்ல.

பொருத்தும் முறை

1. காஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. பால்கனியிலோ திறந்த வெளிச்சுவரிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி. அல்லது ஜி.ஐ. ஆக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும்.

2. தீ தானாக அணைந்தால் காஸை நிறுத்தும் சாதனம் உள்ளதாகவும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும் பார்த்து வாங்க வேண்டும். சிலிண்டருக்கான கீசரைக் குழாய் காஸில் இணைக்கக் கூடாது. இரண்டின் அழுத்தமும் ஜெட் துளையும் வேறு.

3. காஸ் இணைப்பை காஸ் ஏஜென்சியின் மெக்கானிக்தான் செய்யவேண்டும். கசிவைச் சோப்பு நீர் தடவிப் பார்க்கவேண்டும், தீக்குச்சி கிழித்து அல்ல. இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும்.

4. தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தீ பற்றாமல் போவது இதனால்தான். கீசருக்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தை வாங்கும் முன்பே பார்க்கவேண்டும்.

5. தீ நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ உடனே நிறுத்தி, சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

6. மின்சார கீசர் என்றால், 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட், தனி எம்.சி.பி., நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை அவசியம். 4.5 கிலோவாட் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுப்பதால் பிளக்கில் செருகக் கூடாது. தடித்த செப்புக் கம்பியில் தனி லைன் வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பது மின்கட்டண பில்லிலேயே இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

வீட்டுக்காரர் ஏற்கெனவே காஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டி வைத்திருந்தால், அதை இடம் மாற்றச் சொல்லி வற்புறுத்துங்கள். அதுவரை, கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து வைத்து பக்கெட்டில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை நிறுத்தி, உள்ளே வெளிக்காற்று வந்தபிறகு குளியுங்கள். தீ எரியும்போது யாரும் உள்ளே நிற்க வேண்டாம். குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி எது வந்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போனவர் நேரமாகியும் குரல் கொடுக்கவில்லை என்றால், சங்கோசம் பார்க்காமல் கதவைத் தட்டுங்கள்.

எங்கள் கீசர் அந்த வாரமே பால்கனிக்குப் போய்விட்டது. 14 அடி குழாய். திறந்ததும் முதலில் கொஞ்சம் குளிர்ந்த நீர்தான் வரும். அதைத் துணி துவைக்கப் பிடித்து வைத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான் நஷ்டம். ஊருக்குத் திரும்பிய அம்மா அந்தக் குளிர்காலம் முழுவதும் போனில் வேறெதுவும் கேட்பதற்கு முன், “ஜன்னலைத் திறந்து வச்சிருக்கியா?” என்றுதான் கேட்டார்.

அன்பர்களிடம் என் வேண்டுகோளும் அதுதான். இந்த இதழை மூடி வைத்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டுக் குளியலறையின் வென்டிலேட்டரை ஒருமுறை பாருங்கள்.