காணாக்கடி

புணே நகரத்துக்கு மேற்கே ஹிஞ்சேவாடி இருக்கிறது. முன்பு அது வயல்கள் சூழ்ந்த கிராமம். இன்று அங்கே பெரிய கணினி நிறுவனங்கள் உள்ளன. உயரமான கட்டடங்கள் எழுகின்றன. கட்டட வேலைக்குப் பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள்.

அவர்களில் ஒரு அக்கா சித்தாள் வேலை செய்கிறார். மாலையில் நம் வகுப்புக்கு வருவார். ஒரு நாள் எல்லோரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"ஏன் அக்கா, அங்கே போய் உட்கார்ந்தீர்கள்?"

"உடம்பெல்லாம் தடிப்பு, தம்பி. ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். குளிக்க வாளிகூடத் தருவதில்லை."

அக்கா கையை நீட்டினார். கொசு கடித்தது போலத் தடிப்புகள். ஆனால் பெரியவை. சிவந்து இருந்தன.

"மூன்று மாதமாக இப்படித்தான். காலையில் மறையும். மாலையில் வேறு இடத்தில் வரும். ஊரில் இதைக் காணாக்கடி என்பார்கள். கத்திரிக்காயை விட்டேன். முட்டையை விட்டேன். கருவாட்டை விட்டேன். ரசமும் சோறும்தான் சாப்பிடுகிறேன். போகவில்லை."

"மருந்து சாப்பிட்டீர்களா?"

"கடையில் கேட்டு மாத்திரை வாங்கினேன். அரிப்பு அடங்கியது. மறுநாள் சாரத்தின் மேல் நிற்கும்போது கண் சொருகியது. மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தார். இல்லாவிட்டால்..."

அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். வகுப்பில் யாரும் பேசவில்லை.

மறுநாள் அக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

கடிக்காத கடி

காணாக்கடி என்றால் கண்ணுக்குத் தெரியாத கடி. உண்மையில் எதுவும் கடிப்பதில்லை.

நம் தோலுக்குள் காவல்காரர்களைப் போலச் சில அணுக்கள் உள்ளன. அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் இருக்கிறது. திருடன் வந்தால் காவல்காரர் கூச்சல் போடுவார். சில நேரம் திருடன் வராமலே கூச்சல் போடுவார். அப்போது ஹிஸ்டமின் வெளியே கொட்டும். சிறிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். தோல் தடிக்கும். அரிக்கும்.

இந்தத் தடிப்பு 6 வாரத்துக்கு மேலும் அடிக்கடி வந்தால், அது நாள்பட்ட காணாக்கடி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உட்காரலாம். ஒரே வாளியில் குளிக்கலாம். குழந்தையைத் தூக்கலாம். யாருக்கும் ஒட்டாது.

நாள்பட்ட காணாக்கடிக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது குறைவு. எல்லா உணவையும் விட்டால் உடம்புதான் மெலியும்.

மந்திரித்தால் போகுமா?

நம் ஊரில் வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள். மராத்தி மக்கள் இதைப் 'பித்த' என்பார்கள். கோகம் புளி ஊறிய தண்ணீரைத் தடவுவார்கள்.

தடவியதும் அடங்கியது போலத் தோன்றும். ஆனால் ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தானே மறைந்துவிடும். ஒன்றும் செய்யாவிட்டாலும் மறையும். பிறகு வேறு இடத்தில் புதிதாக வரும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். கோடு இருக்கும். தடிப்பு இருக்காது.

அந்தத் தடிப்பு அங்கேயே இருந்தால், வலித்தால், மறைந்த பிறகு கறை விட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

எழுதி வையுங்கள்

மருத்துவர் அக்காவை ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். அக்கா இப்படி எழுதினார்:

3-ந் தேதி. மாலை 5 மணி. இடுப்பில் தடிப்பு. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

5-ந் தேதி. இரவு 8 மணி. முதுகில் தடிப்பு. உடல்வலி மாத்திரை போட்டேன்.

8-ந் தேதி. தடிப்பு இல்லை.

இறுக்கமான துணி, வெயில், குளிர்ந்த நீர், மன வேதனை ஆகியவை சிலருக்குத் தடிப்பைத் தூண்டும். ஆஸ்பிரின், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் தூண்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

மாத்திரை

குளோர்பெனிரமின், பெனிரமின் பழைய மருந்துகள். இவை தூக்கம் தரும். இவற்றைச் சாப்பிட்டுச் சாரம் ஏறக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது.

லோரட்டடின், பெக்சோபெனடின் போன்றவை புதிய மருந்துகள். இவற்றில் தூக்கம் குறைவு. செட்டிரிசினும் புதியதுதான். ஆனால் சிலருக்குத் தூக்கம் வரும். முதல் மாத்திரையை இரவில் சாப்பிட்டுப் பாருங்கள்.

அரிக்கும்போது மட்டும் சாப்பிட்டால் போதாது. மருத்துவர் சொன்ன நாள் வரை தினமும் சாப்பிட வேண்டும். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். கருவுற்றிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் அடக்கும். ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு பலம் இழக்கும். சர்க்கரை ஏறும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

உடனே ஓடுங்கள்

நாக்கு அல்லது தொண்டை வீங்கினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மற்ற நாட்களில் ஔந்தில் உள்ள அரசு மாவட்ட மருத்துவமனைக்குப் போகலாம். புணே ரயில் நிலையத்தின் அருகே சசூன் மருத்துவமனையும் உண்டு.

இந்த நோய் பலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே விட்டுப் போகும். அதுவரை அடக்கி வைக்க முடியும்.

சென்ற வாரம் அக்கா நோட்டைக் காட்டினார். 'தடிப்பு இல்லை' என்று 11 நாள் வரிசையாக எழுதியிருந்தார். இப்போது அவர் பாயின் நடுவில் உட்காருகிறார்.

பேசுவோம், எழுதுவோம்

1. காணாக்கடி ஏன் ஒட்டாது? பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

2. உங்கள் வீட்டில் உள்ள மாத்திரை அட்டையைப் பாருங்கள். காலாவதித் தேதியை எழுதுங்கள்.

3. எந்த அறிகுறி வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்? மூன்று எழுதுங்கள்.